தடை தாண்டும் பிரவுசர் கருவிகள்: யாரை நம்பி இறங்குவது?

2022 ஏப்ரல் 3, ஞாயிற்றுக்கிழமை. இலங்கையில் விடிந்து எழுந்தவர்களுக்கு ஃபேஸ்புக் திறக்கவில்லை. வாட்ஸ்அப், யூடியூப், ட்விட்டர் என்று வரிசையாக எல்லாம் முடங்கிக் கிடந்தன. பெட்ரோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்று வெறுத்துப் போன மக்கள் தெருவில் இறங்கத் திட்டமிட்டிருந்த நாள் அது. பாதுகாப்பு அமைச்சு கேட்டது, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணைக்குழு தடுத்துவிட்டது. சுமார் 16 மணி நேரம் இந்தத் தடை நீடித்தது.

இதில் ஒரு வேடிக்கை. அன்று அமைச்சராகவும், ஜனாதிபதியின் அண்ணன் மகனாகவும் இருந்த நாமல் ராஜபக்ச, தடுக்கப்பட்ட ட்விட்டரிலேயே வந்து இந்தத் தடையைத் தான் ஏற்கவில்லை என்று எழுதினார். தான் அந்த நேரத்தில் பயன்படுத்திக்கொண்டிருப்பது போன்ற விபிஎன் (நம் இணைப்பை வேறொரு கணினி வழியாகச் சுற்றிவிடும் கருவி) இருக்கும்போது இப்படிப்பட்ட தடைகளால் ஒரு பயனும் இல்லை என்பது அவர் சொன்ன காரணம். தடை போட்ட அரசின் அமைச்சரே சுவர் ஏறிக் குதித்து வந்து, சுவர் வீண் என்கிறார்!

அவர் சொன்னது பாதி உண்மை. சுவரைத் தாண்டுவது பல சமயம் சுலபம்தான். ஆப் ஸ்டோரில் ‘இலவச விபிஎன்’ என்று தேடி, முதலில் கண்ணில் படுவதை நிறுவினால் தளம் திறந்துவிடும். மீதிப் பாதியைத்தான் யாரும் கேட்பதில்லை. அந்தக் கருவியை நடத்துவது யார்? நம்மிடமிருந்து போவதில் எதையெல்லாம் அவர் பார்க்கிறார்? தளம் திறந்தது என்பதை மட்டும் வைத்துக் கருவியை மெச்சுவது, டாக்ஸி நின்றது என்பதற்காக டிரைவரை நல்லவர் என்று சொல்வது போல.

இதைப் புரிந்துகொள்ள, தடை எப்படி விழுகிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடிதமும் கவரும்

ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும் பிரவுசர் முதலில் செய்வது, அந்தப் பெயருக்குரிய எண் முகவரியை விசாரிப்பது. ஊருக்குள் போய் “இன்னார் வீடு எது?” என்று கேட்பது மாதிரி. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் ஏற்பாட்டுக்கு டிஎன்எஸ் என்று பெயர். பெரும்பாலும் நமக்கு இணைய இணைப்புத் தரும் நிறுவனமே அதையும் நடத்துகிறது. தடுக்கச் சொல்லி உத்தரவு வந்தால் அந்த நிறுவனத்துக்கு ஆகக் குறைந்த செலவில் முடிகிற வேலை, தப்பான விலாசம் சொல்லிவிடுவதுதான்.

அடுத்த வழி, அந்த எண் முகவரிக்குப் போகும் எதையும் கடத்தாமல் கீழே போட்டுவிடுவது. மூன்றாவது வழி கொஞ்சம் நுட்பமானது. இன்று பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ் முறையில் இயங்குகின்றன. பழைய இணையம் போஸ்ட் கார்டு என்றால் இது ஒட்டிய கவர். தபால்காரர் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. ஆனால் கவரின் மேல் பெறுபவர் பெயர் இருந்துதானே ஆக வேண்டும்? இணைப்பு தொடங்கும்போது எந்தத் தளம் வேண்டும் என்பதைப் பிரவுசர் பச்சையாகச் சொல்லிவிடுகிறது. இதற்கு எஸ்என்ஐ என்று பெயர். அந்தப் பெயரைப் பார்த்ததும் இணைய நிறுவனம் கவரைக் கிழித்துப் போடலாம். இந்தியாவில் சில நிறுவனங்கள் இப்படித் தடுப்பதை இந்திய ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். தடுக்கும் முறையும், தடுக்கப்படும் தளங்களும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதையும் கண்டார்கள். “எனக்குத் திறக்கிறதே, உனக்கு ஏன் திறக்கவில்லை?” என்று நண்பர்கள் சண்டை போடுவதற்குக் காரணம் இதுதான். இருவர் சொல்வதும் சரி.

நான்காவது வழி, ஆளின் முகம் தெரியாவிட்டாலும் நடையை வைத்து அடையாளம் காண்பது. கவருக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஆனால் கவர்கள் வரும் அளவு, வேகம், தொடக்கத்தில் இருக்கும் சில அடையாளங்கள் இவற்றைப் பார்த்து “இது விபிஎன், இது டோர்” என்று சொல்லிவிட முடியும். (டோர் என்பது தடை தாண்டும் இன்னொரு கருவி, பின்னால் வருகிறது.) சீனாவும் ஈரானும் ரஷ்யாவும் இதில் தேர்ந்தவை.

தடை முதல் வகையில் மட்டும் விழுந்திருந்தால் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பொய் சொல்பவரிடம் விலாசம் கேட்பதை நிறுத்தினால் போதும். ஃபயர்ஃபாக்ஸிலும் குரோமிலும் ‘பாதுகாப்பான டிஎன்எஸ்’ என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதை இயக்கினால் விலாச விசாரணை வேறொருவரிடம், அதுவும் மூடிய கவரில் போகும். வேகம் குறையாது, காசும் இல்லை. நான் யாருக்குச் சொன்னாலும் முதலில் இதைத்தான் முயன்று பார்க்கச் சொல்வேன். கவரின் மேலுள்ள பெயரையும் மறைக்கும் இசிஎச் என்ற நுட்பமும் வந்திருக்கிறது. தளமும் பிரவுசரும் இரண்டுமே அதற்குத் தயாராக இருக்க வேண்டும். கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் தன் வாடிக்கையாளர் தளங்களுக்கு அதை இயக்கிவிட, 2024 நவம்பரில் ரஷ்யா அந்த நுட்பத்தையே தடுக்க ஆரம்பித்தது. தடுப்பவர்களும் சும்மா இருப்பதில்லை.

சிங்கப்பூர்ச் சித்தி

பெயரைப் பார்த்துக் கவரைக் கிழிக்கிறார்கள் என்றால் என்ன செய்யலாம்? கவரை இன்னொரு கவருக்குள் போடலாம். வெளிக் கவரில் சிங்கப்பூரில் இருக்கும் சித்தியின் விலாசம். சித்தி அதைப் பிரித்து, உள்ளே இருக்கும் கவரை அங்கிருந்து தபாலில் சேர்ப்பார். பதிலும் அதே வழியில் திரும்பி வரும். நம் ஊர்த் தபால்காரருக்குத் தெரிவதெல்லாம் நீங்கள் சித்திக்கு நிறையக் கடிதம் போடுகிறீர்கள் என்பது மட்டுமே.

விபிஎன்னும் ப்ராக்ஸியும் இந்தச் சித்திதான். இப்போது கவனியுங்கள். யாருக்கெல்லாம் எழுதுகிறீர்கள் என்பது தபால்காரருக்குத் தெரியாமல் போனது. ஆனால் சித்திக்கு முழுதாகத் தெரியும். உங்கள் பெயரும் தெரியும், பெறுபவர் பெயரும் தெரியும். போஸ்ட் கார்டாக இருந்தால் படிக்கவும் முடியும். நம்பிக்கை இங்கே தேவையில்லாமல் போகவில்லை, கைதான் மாறியிருக்கிறது. உங்கள் ஊர் இணைய நிறுவனத்தின் மேல் வைத்திருந்ததை, நீங்கள் முகம் பார்த்திராத ஒருவர் மேல் வைக்கிறீர்கள். சித்தி சொந்தமாக இருந்தால் சரி. இந்தச் சித்தியை நாம் ஆப் ஸ்டோரில்தானே கண்டுபிடித்தோம்?

‘நாங்கள் எந்தப் பதிவும் வைத்துக்கொள்வதில்லை’ என்று எல்லா விபிஎன் விளம்பரங்களும் சொல்லும். அப்படிச் சொன்னவற்றில் ஒன்று ஹாங்காங்கைச் சேர்ந்த யூஎஃப்ஓ விபிஎன். 2020 ஜூலையில் அதன் சர்வர் பூட்டாமல் திறந்து கிடப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். உள்ளே இருந்தவை 894 ஜிபி அளவுக்குப் பதிவுகள். இல்லை என்று சொன்ன அதே பதிவுகள்தான். 2016இல் ஆஸ்திரேலியாவின் அரசு ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவின் ஆய்வாளர்களும் கூட்டாளிகளும் ஆண்ட்ராய்டில் விபிஎன் அனுமதி கேட்கும் 283 செயலிகளைப் பிரித்து மேய்ந்தார்கள். 18 சதவீதம் எந்த மறைகுறியாக்கமும் செய்யவில்லை. வெளிக் கவர் என்று சொல்லி வெறும் காகிதத்தைச் சுற்றி அனுப்பியிருக்கிறார்கள். 38 சதவீதத்தில் தீநிரலுக்கான (மால்வேர்) அடையாளங்கள் தென்பட்டன. அந்த ஆய்வு பழையது, எண்கள் இன்று மாறியிருக்கலாம். ஆனால் ‘இலவசம், உடனே இயங்கும், 5 நட்சத்திரம்’ என்ற மூன்றையும் வைத்து ஒரு கருவியை நம்பக் கூடாது என்பதற்கு அது போதும்.

பிரவுசருக்குள் உட்கார்ந்திருப்பவர்

இப்போது நம் தலைப்புக்கு வருகிறேன். கணினியில் பலரும் தனிச் செயலி நிறுவ மெனக்கெடுவதில்லை. குரோமில் ஓர் எக்ஸ்டென்ஷனை, அதாவது பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு சிறு நிரலைச் சேர்த்தால் மூலையில் ஒரு பொத்தான் வந்துவிடும். அதை அழுத்தினால் அமெரிக்கா, இன்னொரு முறை அழுத்தினால் ஜெர்மனி. எவ்வளவு வசதி! இந்த வசதியில்தான் ஆபத்து அதிகம், காரணத்தைச் சொல்கிறேன்.

சித்தி எவ்வளவு மோசமானவராக இருந்தாலும், ஒட்டிய கவருக்குள் இருப்பதை அவரால் படிக்க முடியாது. எச்டிடிபிஎஸ் தரும் பாதுகாப்பு அது. உங்கள் வங்கிக் கடவுச்சொல்லோ, ஜிமெயிலில் எழுதியதோ அவருக்குத் தெரியாது. எக்ஸ்டென்ஷன் அப்படியல்ல. அது தபால் பாதையில் நிற்பதில்லை. நீங்கள் எழுதும் மேசையில், உங்கள் தோளுக்குப் பின்னால் நிற்கிறது. கவரை ஒட்டுவதற்கு முன்பே, பதில் கவரைப் பிரித்த பின்பும் எல்லாம் அதன் கண்ணில் படும். அதை நிறுவும்போது, எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்டு ஒரு சிறிய பெட்டி வருமே, யாரும் வாசிக்காமல் ஒப்புக்கொள்ளும் அந்த வரி, அது சொல்வது இதைத்தான். எழுத்துக்கு எழுத்து உண்மை.

2025 ஆகஸ்டில் கோய் செக்யூரிட்டி என்ற நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஃப்ரீவிபிஎன்.ஒன் என்ற குரோம் எக்ஸ்டென்ஷனைப் பற்றி எழுதினார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் பேர் நிறுவியிருந்த எக்ஸ்டென்ஷன் அது. பக்கம் திறந்து ஒரு நொடி ஆனதும் திரையைப் படம் பிடித்து, சத்தமில்லாமல் தன் சர்வருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது என்று அவர்கள் காட்டினார்கள். உருவாக்கியவர் அது பாதுகாப்புச் சோதனைக்காக என்று விளக்கம் சொன்னார். எந்தப் பக்கமானாலும் சரி, வங்கிக் கணக்கானாலும் குடும்பப் படமானாலும். தடையைத் தாண்ட உதவிக்குக் கூப்பிட்டவர், கூடவே கேமராவும் கொண்டு வந்த கதை.

இன்னொரு வகைப் பிரச்சினையைப் புரிந்துகொள்ள ஹோலாவைப் பார்க்கலாம். கோடிக்கணக்கானோர் நிறுவியிருந்த இலவச எக்ஸ்டென்ஷன். சர்வர் செலவு இல்லாமல் இவ்வளவு பேருக்கு எப்படி இலவசமாகத் தருகிறார்கள் என்ற கேள்விக்கு 2015 மே மாதம் விடை வெளிச்சத்துக்கு வந்தது. பயனர்களின் கணினிகளேதான் சித்திகள். ஜெர்மனித் தளம் வேண்டும் என்றால், ஜெர்மனியில் ஹோலா வைத்திருக்கும் யாரோ ஒருவரின் இணைப்பு வழியாக நீங்கள் போவீர்கள். உங்கள் இணைப்பு வழியாக வேறு யாரோ போவார். அதோடு நிற்கவில்லை. அந்த இணைப்புகளை லுமினாட்டி என்ற பெயரில் காசுக்கும் விற்றார்கள். எய்ட்சான் என்ற தளத்தை நடத்தியவர், தன் தளத்தின் மீதான தாக்குதல் இந்த வலையமைப்பு வழியாக வந்தது என்று சொன்னபோதுதான் பலருக்கும் விஷயமே தெரிந்தது. உங்கள் வீட்டு விலாசத்திலிருந்து யாரோ ஒருவர் மிரட்டல் கடிதம் போட்டால் போலீஸ் யார் வீட்டுக் கதவைத் தட்டும்? யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, மோசமாகவே இல்லாத, நேர்மையான ஒரு ப்ராக்ஸி எக்ஸ்டென்ஷன் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அது பிரவுசருக்குள் நடப்பதை மட்டும்தான் திருப்பிவிடும். அதே கணினியில் தனியாக ஓடும் வாட்ஸ்அப், டெலிகிராம், மின்னஞ்சல் செயலி எல்லாம் பழைய பாதையிலேயே போகும். ஓபெரா பிரவுசருக்குள்ளேயே வரும் இலவச விபிஎன்னுக்கும் இதே எல்லை உண்டு. பெயர் விபிஎன், நடைமுறையில் பிரவுசருக்கான ப்ராக்ஸி. அப்புறம் பிரவுசருக்குள்ளேயே ஓட்டை உண்டு. வீடியோ அழைப்புகளுக்காகப் பிரவுசர்களில் வெப்ஆர்டிசி என்ற வசதி இருக்கிறது. இரு கணினிகள் நேராகப் பேசிக்கொள்ள, அது உங்கள் உண்மையான ஐபி முகவரியை (இணையத்தில் உங்கள் இணைப்புக்குரிய எண் முகவரி) விசாரித்துச் சொல்லும். ப்ராக்ஸி போட்டிருந்தாலும் ஒரு வலைப்பக்கம் இதைப் பயன்படுத்தி உங்கள் உண்மை முகவரியைக் கறந்துவிட முடியும் என்று 2015 ஜனவரியில் ஒரு நிரலாளர் செய்தே காட்டினார். அதன் பிறகு பிரவுசர்கள் ஓரளவு அடைத்திருக்கின்றன, முழுக்க அல்ல.

மூன்று சித்திகள்

சித்தி ஒருவரே இருந்தால் அவருக்கு எல்லாம் தெரியும். மூன்று சித்திகள் இருந்தால்? கவருக்குள் கவர், அதற்குள் இன்னொரு கவர். சிங்கப்பூர்ச் சித்தி வெளிக் கவரைப் பிரித்தால் உள்ளே பாரிஸ் சித்தியின் விலாசம். பாரிஸ் சித்தி பிரித்தால் உள்ளே டொராண்டோ. டொராண்டோ சித்திதான் கடைசிக் கவரைப் பெறுபவருக்கு அனுப்புகிறார். முதல் சித்திக்கு உங்களைத் தெரியும், யாருக்கு எழுதுகிறீர்கள் என்று தெரியாது. கடைசிச் சித்திக்குப் பெறுபவரைத் தெரியும், எழுதியது நீங்கள் என்று தெரியாது. நடுவில் இருப்பவருக்கு இரண்டுமே தெரியாது.

டோர் பிரவுசர் செய்வது இதைத்தான். வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக இருப்பதால் இதற்கு ‘ஆனியன் ரவுட்டிங்’ என்று பெயர். 1990களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் பிறந்த யோசனை. 2006 முதல் டோர் புராஜெக்ட் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு இதைப் பார்த்துக்கொள்கிறது. சித்திகள் அனைவரும் உலகம் முழுக்கப் பரவியிருக்கும் தன்னார்வலர்கள். பிரவுசர், ஃபயர்ஃபாக்ஸை அடிப்படையாகக் கொண்டது. சன்னலைப் பெரிதாக்கினால் ஓரத்தில் சாம்பல் நிறப் பட்டை வரும். என்னடா கோளாறு என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொருவரின் திரை அளவும் ஓர் அடையாளம் என்பதால், எல்லோரையும் ஒரே மாதிரி காட்டுவதற்கான ஏற்பாடு அது. வெப்ஆர்டிசி ஓட்டையும் இதில் அடைக்கப்பட்டிருக்கிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. மூன்று வீடு சுற்றி வருவதால் மெதுவாகத்தான் இருக்கும். வீடியோ பார்க்கப் பொறுமை வேண்டும். பல தளங்கள் ‘நீங்கள் ரோபோவா?’ என்று படம் காட்டிக் காட்டி உயிரை வாங்கும். வங்கித் தளங்கள் கணக்கையே முடக்கலாம். தடை போடும் நாடுகள் டோரையும் தடுக்கும். 2021 டிசம்பரில் ரஷ்யா தடுத்தது. அதற்கென்று பட்டியலில் வராத ரகசிய முதல் சித்திகள் உண்டு, ‘பிரிட்ஜ்’ என்று பெயர். 2022 ஜூலையில் வந்த பதிப்பிலிருந்து, இணைப்பு கிடைக்காவிட்டால் எந்த பிரிட்ஜ் சரிப்படும் என்று பிரவுசரே முயன்று பார்த்துக்கொள்கிறது.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். 2007இல் ஸ்வீடனைச் சேர்ந்த டான் எகர்ஸ்டாட் ஐந்து கடைசிச் சித்திகளைத் தானே நடத்தினார். தன் வழியாகப் போவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். தூதரகங்கள் உள்ளிட்ட நூறு கணக்குகளின் மின்னஞ்சல் கடவுச்சொற்கள் கையில் விழுந்தன. இந்தியத் தூதரகங்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. டோரை யாரும் உடைக்கவில்லை. கடிதம் உள்ளே போஸ்ட் கார்டாக இருந்தது, அவ்வளவுதான். மூன்று கவருக்குள் போஸ்ட் கார்டு வைத்தாலும் கடைசியில் பிரிப்பவர் படிக்கத்தான் செய்வார். எழுதியது யார் என்பதை மறைப்பது வேறு, எழுதியதை மறைப்பது வேறு. டோர் முதலாவதைச் செய்கிறது, எச்டிடிபிஎஸ் இரண்டாவதைச் செய்கிறது. அப்புறம், டோர் வழியாகப் போய் உங்கள் சொந்தப் பெயரில் ஃபேஸ்புக்கில் உள்நுழைந்தால், அது நீங்கள்தான் என்று ஃபேஸ்புக்குக்குத் தெரியும். முகமூடி போட்டுக்கொண்டு போய் விசிட்டிங் கார்டை நீட்டினால் முகமூடியால் என்ன லாபம்?

டோருக்கும் ஓர் எக்ஸ்டென்ஷன் உண்டு, ஸ்னோஃப்ளேக். ஆனால் இது தடையில் சிக்கியவர்களுக்கானது அல்ல, வெளியே இருப்பவர்களுக்கானது. தடையில்லாத நாட்டில் இருக்கும் நீங்கள் இதைக் குரோமிலோ ஃபயர்ஃபாக்ஸிலோ போட்டு வைத்தால், ஈரானில் டோர் பிரவுசரை இயக்கும் ஒருவருக்கு உங்கள் கணினி சில நிமிடங்கள் முதல் படியாக நிற்கும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது வீடியோ அழைப்பு மாதிரி தெரியும். ஹோலாவைப் போலத்தானே இருக்கிறது என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஹோலாவில் நீங்கள் கடைசி ஆள். யாரோ செய்தது உங்கள் விலாசத்தில் விடியும். ஸ்னோஃப்ளேக்கில் நீங்கள் வாசலில் நிற்கும் ஆள். உள்ளே போனவர் எந்தத் தளத்துக்குப் போகிறார் என்பது உங்களுக்கும் தெரியாது, அந்தத் தளத்துக்கு உங்கள் முகவரியும் தெரியாது. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு கருவிகளில் எந்த இடத்தில் யார் நிற்கிறார் என்பதை வைத்து எல்லாம் தலைகீழாகிவிடுகிறது. 2022 செப்டம்பரில் மஹ்சா அமினி மரணத்தையொட்டி ஈரானில் போராட்டம் வெடித்தபோது ஸ்னோஃப்ளேக்கின் பயன்பாடு திடீரென்று ஏறியது.

புகழ் வேறு, சோதனை வேறு

எல்லோரும் புகழ்கிறார்களே, அது போதாதா? போதாது. 2009இல் ஈரான் தேர்தல் கலவரத்தின்போது சான் ஃபிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஆஸ்டின் ஹீப் என்ற இளைஞர் ‘ஹேஸ்டாக்’ என்ற கருவியை அறிவித்தார். பத்திரிகைகள் கொண்டாடின, விருது வந்தது, ஏற்றுமதிக்கு அமெரிக்க அரசின் அனுமதியும் கிடைத்தது. நிரலை மட்டும் வெளியில் யாருக்கும் காட்டவில்லை. காட்டினால் ஈரான் அரசு தெரிந்துகொள்ளும் என்று காரணம் சொன்னார்கள். 2010 செப்டம்பரில் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் ஜேக்கப் அப்பல்பாம் உள்ளிட்ட சிலர் கையில் அது கிடைத்துப் பார்த்தபோது, பயன்படுத்துபவரையே காட்டிக்கொடுக்கும் அளவுக்குப் பலவீனமாக இருப்பது தெரிந்தது. உடனே நிறுத்தினார்கள். அதை எழுதிய முதன்மை நிரலாளர் விலகினார். டெஹ்ரானில் அதை நம்பி எழுதிய ஒருவருக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை யாராவது விருதுக் குழுவிடம் கேட்டிருக்கலாம்.

அதனால் நிரல் யாரும் படித்துப் பார்க்கும்படி திறந்த மூலமாக இருக்கிறதா, வெளியார் யாராவது சோதித்து அறிக்கை வெளியிட்டிருக்கிறார்களா, தன்னால் எது முடியாது என்று அந்தக் கருவியே சொல்கிறதா என்று பார்ப்பேன். மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். சைஃபோன் என்ற கருவி 2000களின் நடுவில் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் என்ற ஆய்வுக்கூடத்தில் தொடங்கியது. தடையைத் தாண்டுவதே தன் வேலை, உங்கள் அடையாளத்தை மறைப்பது தன் வேலை இல்லை என்று அதுவே சொல்லிவிடுகிறது. ‘நூறு சதவீதப் பாதுகாப்பு’ என்று கத்துகிறவர்களை விட இந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருக்கிறது.

டோருக்கும் சைஃபோனுக்கும் அமெரிக்க அரசுப் பணம் போயிருக்கிறதே என்று சிலர் சந்தேகப்படுவார்கள். சந்தேகம் நியாயம். பணம் எங்கிருந்து வருகிறது என்று டோர் ஆண்டுதோறும் கணக்கு வெளியிடுகிறது, நிரலும் திறந்தே கிடக்கிறது. எந்த ஒரு சித்தியையும் முழுதாக நம்பத் தேவையில்லாத வடிவமைப்பு என்பதால் நான் அதைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்வதில்லை. என் கவலை வேறு: பணம் நின்றால் என்ன ஆகும்? இத்தகைய கருவிகளுக்கு உதவும் ஓப்பன் டெக்னாலஜி ஃபண்டுக்கான மானியத்தை 2025 மார்ச்சில் அமெரிக்க அரசு நிறுத்தியது, அந்த அமைப்பு நீதிமன்றத்துக்குப் போனது.

யாருக்குப் பயம், எதற்குப் பயம்

யாழ்ப்பாணத்தில் ஒரு மாணவிக்குத் தடை நாளில் யூடியூப் பாடம் பார்க்க வேண்டும். அவளைப் பொறுத்தவரை சைஃபோன் போதும், அல்லது காசு கொடுத்து வாங்கிய, வெளியார் தணிக்கைக்கு உட்பட்ட ஒரு விபிஎன் போதும். பார்த்தது வெளியே தெரிந்தாலும் பெரிய கேடு இல்லை. அதே ஊரில் ஒரு செய்தியாளர் தகவல் தந்தவர்களைக் காப்பாற்ற வேண்டும். அவருக்கு டோர், அதுவும் பிரிட்ஜ் வைத்து. 2007 ஜூனில் இலங்கையில் தமிழ்நெட் செய்தித் தளம் தடுக்கப்பட்டபோது அதை வாசிப்பதற்கும் அதற்கு எழுதுவதற்கும் இருந்த வித்தியாசம் மாதிரி. ஒரே தடை, இரண்டு விதமான பயம். பயத்தைத் தெரிந்துகொள்ளாமல் ‘எது பெஸ்ட் விபிஎன்?’ என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

சட்டத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். துபாயில் வேலை பார்க்கும் நம்மவர்கள் வாட்ஸ்அப் அழைப்புக்காக விபிஎன் போடுவது ஊரறிந்த விஷயம். அங்கே ஐபி முகவரியை மறைத்துக் குற்றம் செய்தால் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதம், சிறையும் உண்டு. இந்தியாவில் விபிஎன் பொதுவாகத் தடை செய்யப்படவில்லை. ஆனால் 2022 ஏப்ரலில் அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவு, விபிஎன் நிறுவனங்களை வாடிக்கையாளர் பெயர், ஐபி முதலியவற்றை 5 ஆண்டுகள் வைத்திருக்கச் சொன்னது. சில பெரிய நிறுவனங்கள் இந்தியாவில் இருந்த சர்வர்களையே எடுத்துக்கொண்டு போய்விட்டன. காஷ்மீரில் 2020 தொடக்கத்தில் அனுமதிக்கப்பட்ட தளங்கள் மட்டும் திறக்கும் நிலை இருந்தது. அப்போது விபிஎன் வழியாகச் சமூக ஊடகம் பயன்படுத்தியவர்கள் மீது காவல்துறை வழக்குப் பதிந்தது. அதற்கு முந்தைய 2019 ஆகஸ்டைப் போல இணையத்தையே முழுசாக அணைத்துவிட்டால் எந்தக் கருவியும் உதவாது. தபால் ஆபீஸே மூடியிருக்கும்போது கவர் எத்தனை இருந்து என்ன?

வீட்டில் பத்து நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனை ஒன்று சொல்கிறேன். கருவியை இயக்குவதற்கு முன் ‘என் ஐபி என்ன’ என்று காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கருவியை இயக்கிவிட்டு மறுபடி பாருங்கள், எண் மாற வேண்டும். அப்புறம் டிஎன்எஸ் கசிவு, வெப்ஆர்டிசி கசிவு இரண்டையும் சோதிக்கும் தளங்களைத் திறந்து, உங்கள் இணைய நிறுவனத்தின் பெயரோ பழைய எண்ணோ எங்காவது எட்டிப் பார்க்கிறதா என்று பாருங்கள். கடைசியாக வைஃபையை அணைத்து மறுபடி போடுங்கள். இணைப்பு திரும்பும் அந்தச் சில நொடிகளில் கருவி உங்களை வெட்ட வெளியில் விட்டுவிடுகிறதா? பல கருவிகள் தோற்பது இந்த இடத்தில்தான்.

மழை வருமுன் கூரை வேய வேண்டும் என்பார்கள். 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பின் இலங்கையில் சமூக ஊடகங்கள் தடுக்கப்பட்டபோது டனல்பேர் என்ற விபிஎன் சேவையும் சேர்த்துத் தடுக்கப்பட்டதாக, இணையத் தடைகளைக் கண்காணிக்கும் நெட்பிளாக்ஸ் அமைப்பு கண்டது. கருவியின் தளமே மூடியிருந்தால், மக்கள் யாரோ அனுப்பிய லிங்க்கிலிருந்து இறக்குவார்கள். சீனாவில் அப்படித்தான் நடந்தது. ஒரு யூடியூப் வீடியோவின் கீழே இருந்த இணைப்பில் போலி டோர் பிரவுசர் வைக்கப்பட்டிருந்ததை காஸ்பர்ஸ்கி நிறுவனம் 2022 அக்டோபரில் கண்டுபிடித்தது. பார்க்க அசல் மாதிரியே இருந்தது, உலாவியதை எல்லாம் சேமித்து வைத்தது. ஆகவே தளம் திறந்திருக்கும்போதே அதிகாரபூர்வ இடத்திலிருந்து டோரையும் சைஃபோனையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஐபோன்காரர்களுக்கு டோர் பிரவுசர் கிடையாது, ஆனியன் பிரவுசரைத்தான் டோர் அமைப்பு பரிந்துரைக்கிறது. டோர் தளம் ஏற்கெனவே தடுக்கப்பட்டிருந்தால், கெட்டார் என்ற சேவைக்கு மின்னஞ்சல் அனுப்பினால் இறக்குவதற்கான மாற்று இணைப்புகளைப் பதிலாக அனுப்பும். கணினிக்கான கோப்பை ஒரு பென்டிரைவிலும் போட்டு வையுங்கள். தடை நாளில் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டு வருவார்.